எகானமி வகுப்பில் 14 மணி நேரம்: உடம்பு நோகாமல் போய்ச் சேர என்ன வழி?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக மறுபடி சொல்லிவிடுகிறேன். வயது 52. அடுத்த மாதம் 14 மணி நேர விமானப் பயணம், எகானமி வகுப்பு. போன தடவை இதே மாதிரிப் பயணத்தில் பாதம் வீங்கி, இறங்கும்போது ஷூவுக்குள் கால் நுழையவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டு மூன்று நாள் திரும்பவில்லை. பொட்டுத் தூக்கம் கிடையாது. கழுத்துத் தலையணை, காலை வைக்கும் தொங்கு ஊஞ்சல், இறுக்கமான காலுறை, தூக்க மாத்திரை, இவற்றில் எதை வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் காலுறை ஒன்றுக்குத்தான் நான் தயங்காமல் பணம் கொடுப்பேன். மற்ற மூன்றையும் வாங்காமலே நீங்கள் நன்றாகப் போய்ச் சேரலாம். எந்த இருக்கையைப் பிடிக்கிறீர்கள், அதில் எப்படி உட்காருகிறீர்கள், எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், இந்த மூன்றையும்தான் உண்மையில் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் 18 வருடம் நீண்ட தூர விமானங்களில் கேபின் பணியில் இருந்தவள். கடைசி சில வருடம் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஆயிரக்கணக்கானவர்கள் தூங்குவதையும் தூங்க முடியாமல் புரளுவதையும் நின்றுகொண்டே பார்த்த அனுபவம் அது. அதே சமயம் நான் மருத்துவர் இல்லை. முதலுதவிப் பயிற்சியும், வேலைக்காகப் படித்தறிந்ததும்தான் என் மருத்துவ அறிவு. காலில் ரத்தம் உறைவது பற்றிச் சொல்லும் இடத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

14 மணி நேரம் என்றால் மலைப்பாக இருக்கும். பெர்த்திலிருந்து லண்டனுக்கு 2018 முதல் எங்கும் நிற்காமல் ஏறக்குறைய 17 மணி நேரம் எகானமியில் மக்கள் உட்கார்ந்து போகிறார்கள். ஆனால் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 18 மணி நேரத்துக்கும் மேல் பறக்கும் விமானத்தில் எகானமி வகுப்பையே வைக்கவில்லை. நிறுவனங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது போல.

சரி, மேலே போனதும் உடம்புக்கு என்ன நடக்கிறது? விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம், அதிகபட்சமாக 8,000 அடி உயர மலையில் இருப்பது போல வைக்கப்படும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரியான புது விமானங்களில் இது 6,000 அடிக்குப் பக்கத்தில். 8,000 அடி அழுத்தத்தில் வயிற்றுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. ஏறும்போது சரியாக இருந்த பேண்ட் இடுப்பில் இரண்டு மணி நேரத்தில் பிடிப்பதற்கு இதுதான் காரணம். சாப்பாட்டின் மேல் பழி போட வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு தரையில் 97, 98 சதவீதம் இருப்பது 90-க்குச் சற்று மேலே இறங்கும். ஆரோக்கியமானவருக்கு இதனால் ஆபத்து எதுவும் இல்லை, ஆனால் ஒரு மந்தம் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான். எஞ்சின், காற்றோட்டம் எல்லாம் சேர்ந்து இடைவிடாமல் 80 டெசிபலுக்கு மேல் ஒரு இரைச்சல். இவ்வளவுக்கும் நடுவில் உங்களைக் காலை மடக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். களைப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது இருக்கைக்கு வருவோம். நான் அதிகம் பேசப் போவது இதைப் பற்றித்தான். விளம்பரத்தில் 31 அங்குலம், 32 அங்குலம் என்று போடும் இடைவெளி உங்கள் முழங்காலுக்குக் கிடைக்கும் இடம் அல்ல. உங்கள் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன்னிருக்கையின் அதே புள்ளி வரை அளப்பது அது. முன்னிருக்கை முதுகின் தடிமனும் அதற்குள் அடக்கம். மெல்லிய முதுகு வைத்த புது இருக்கைகளில் அதே 31 அங்குலம் தாராளமாகத் தெரியும், பழைய தடித்த இருக்கையில் முழங்கால் முட்டும். மெல்லிய இருக்கைக்கு வேறொரு குறை உண்டு: ஆறு மணி நேரத்தில் பஞ்சு அமுங்கிப் போய் அடிச்சட்டம் பிட்டத்தில் தெரிய ஆரம்பிக்கும். அப்போது கொடுத்த போர்வையை நாலாக மடித்து உட்காருமிடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அகலமும் முக்கியம். எல்லாரும் கால் இடத்தைப் பார்க்கிறார்கள், தோள் இடத்தை மறந்துவிடுகிறார்கள். போயிங் 777-இல் ஒரு வரிசைக்குப் பத்துப் பேர் என்று 3-4-3 ஆகப் போட்டிருந்தால் இருக்கை 17 அங்குலம் சொச்சம். அதே விமானத்தில் ஒன்பது பேர் என்றால் 18-ஐத் தாண்டும். 787 முதலில் எட்டுப் பேருக்காக யோசிக்கப்பட்டது; இன்று பெரும்பாலான நிறுவனங்கள் ஒன்பது போட்டு 17 அங்குலத்துக்குக் குறைத்துவிட்டன. ஒன்பது பேர் போட்ட ஏ350, இரண்டு தளம் உள்ள ஏர்பஸ் ஏ380-இன் கீழ்த்தளம் இவை 18 அங்குலத்தை ஒட்டி இருக்கும். 2013-இல் ஏர்பஸ் நிறுவனம் நீண்ட பயணத்துக்கு 18 அங்குலம்தான் குறைந்தபட்ச அளவாக இருக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தது. தன் இருக்கை அகலமாக இருக்கும்போது அப்படித்தானே சொல்வார்கள் என்று நீங்கள் நினைக்கலாம், நானும் நினைத்தேன். ஆனால் இரவில் நடைபாதையில் நடந்தால் வித்தியாசம் தெரியும். குறுகிய இருக்கைகளில் ஓரத்தில் இருப்பவர்களின் தோள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ட்ராலி போகும்போதெல்லாம் இடிபடும். டிக்கெட் எடுக்கும்போதே விமானத்தின் வகையும் இருக்கை வரைபடமும் தெரியும். விலை ஒன்றாகவே இருந்தால் அகலமான விமானத்தை எடுங்கள். ஆனால் கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிவிடுவதும் நடக்கும், அதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஜன்னலா, நடைபாதை ஓரமா என்ற பழைய சண்டைக்கு என் பதில், உங்கள் போன பயணத்தின் தொல்லை எது என்பதைப் பொறுத்தது. கழுத்தும் தூக்கமும் என்றால் ஜன்னல்: சாய சுவர் இருக்கிறது, யாரும் உங்களைத் தாண்டிப் போக மாட்டார்கள். கால் வீக்கம் என்றால் ஓரம், ஏனென்றால் எழுந்திருக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஜன்னலோரம் இருப்பவர்கள் கூச்சப்பட்டு எழுந்திருக்காமலே இருந்துவிடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நீர் குடித்தால் எழுந்திருக்க வேண்டுமே என்று நீரும் குடிக்க மாட்டார்கள். உங்களுக்கு இரண்டு தொல்லையும் இருக்கின்றன. ஷூ நுழையாத அளவுக்கு வீக்கம் வந்ததால் ஓர இருக்கை என்றே சொல்வேன். அதிலும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 3-4-3 அமைப்பில் பக்கவாட்டு மூன்றின் ஓரத்தில் உட்கார்ந்தால் உங்களைத் தாண்டிப் போக இரண்டு பேர். நடுவில் இருக்கும் நான்கின் ஓரத்தில் உட்கார்ந்தால் ஒருவர்தான், மற்ற இருவரும் அந்தப் பக்கமாக இறங்கிக்கொள்வார்கள். 3-3-3 ஆக இருந்தால் நடுத் தொகுதியின் ஓரம் இன்னும் நல்லது. நடுவில் இருப்பவர் எந்தப் பக்கம் எழுப்புவார் என்பது உங்கள் அதிர்ஷ்டம். விமானம் நிரம்பவில்லை என்றால் கடைசியாக நிரம்புவதும் பின்பக்கத்து நடு இருக்கைகள்தான். செக்-இன் திறந்ததும் வரைபடத்தை மறுபடி ஒரு பார்வை பாருங்கள், காலியாக இருக்கும் இருக்கைக்குப் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு பேராகப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. பல 777-களில் வாலை நோக்கி விமானத்தின் உடல் குறுகும் இடத்தில், கடைசிச் சில வரிசைகளில் பக்கவாட்டில் மூன்றுக்குப் பதில் இரண்டு இருக்கைதான் இருக்கும். அந்நியர் யாரும் நடுவில் இல்லை, ஜன்னல் பக்கம் கொஞ்சம் காலி இடமும் கிடைக்கும். பதிலுக்கு ஆட்டம் அங்கே அதிகம். இறக்கைக்கு மேலே இருக்கும் வரிசைகள்தான் குறைவாக ஆடும். இரைச்சல் இறக்கைக்கு முன்னால் குறைவு, பின்னால் அதிகம்.

அவசர வழிப் பக்கத்து வரிசைக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். கால் நீட்டலாம், மறுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டும் திரையும் கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடி மேலே தூக்க வராது, இருக்கையும் கொஞ்சம் குறுகும். பெரிய விமானங்களில் கதவோரம் குளிர் அடிக்கும். ஜன்னல் பக்கத்து இருக்கைக்கு முன்னால் கதவின் அடிப்பாகம் புடைத்துக்கொண்டு வந்து, காசு கொடுத்து வாங்கிய கால் இடத்தையே பிடித்துக்கொள்ளும். கழிப்பறைக்கு வருகிறவர்கள் எல்லாம் உங்கள் முன்னால்தான் நின்று சோம்பல் முறிப்பார்கள். தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில் குழந்தைத் தொட்டில் மாட்டுவார்கள். குழந்தை அழுதால் அது யார் தப்பும் இல்லை, ஆனால் உங்கள் தூக்கம் போனது போனதுதான். கழிப்பறைச் சுவருக்கு முன்னால் இருக்கும் வரிசையும், அவசர வழிக்கு முந்தைய வரிசையும் பல விமானங்களில் பின்னால் சாயாது. இந்த இரண்டை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள்.

இருக்கை கிடைத்தாயிற்று, இனி உட்காருவது. விமான இருக்கை சராசரி உயரம் என்று ஒன்றை மனதில் வைத்துச் செய்தது, அந்தச் சராசரி ஆள் யாரென்று நான் பார்த்ததே இல்லை. குள்ளமானவர்களுக்குப் பாதம் தரையில் பதியாது. இருக்கையின் முன்விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தும், ரத்தம் திரும்பி ஓடும் குழாய் இருக்கும் இடமே அதுதான். முன்னிருக்கைக்கு அடியில் ஒரு தட்டையான மென்மையான பையை வைத்து, விமானம் மேலே ஏறியபின் முன்னால் இழுத்து அதன்மேல் காலை வையுங்கள். இதற்குத் தொங்கு ஊஞ்சல் தேவையில்லை. அது முன்னால் இருப்பவரின் தட்டுப் பிடியில் மாட்டுவது. நீங்கள் காலை அசைத்தால் அவர் இருக்கை அசையும், பல நிறுவனங்கள் அதை அனுமதிப்பதும் இல்லை. உயரமானவர்கள் வரைபடத்தில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: சில இருக்கைகளுக்கு முன்னால் தரையில் திரைக்கான மின்பெட்டி ஒன்று இருக்கும், ஒரு கால் வைக்கும் இடம் அதற்கே போய்விடும்.

முதுகுக்கு விஷயம் எளிது. உட்கார்ந்து அரை மணி ஆனதும் இடுப்பு முன்னால் சறுக்கி முதுகு வில்லாக வளையும். அதுதான் இடுப்பு வலியின் ஆரம்பம். சின்னத் தலையணையையோ சுருட்டிய போர்வையையோ பெல்ட் கட்டும் மட்டத்துக்குச் சற்று மேலே முதுகுக் குழிவில் வைத்து, பிட்டத்தைப் பின்னால் தள்ளி உட்காருங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துவிடுங்கள், அப்புறம் மறுபடி வையுங்கள். ஏன் எடுக்க வேண்டும் என்றால், எந்த நிலையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுகமாக இருக்காது. உடம்பு கோணலாக உட்காருவதைக்கூடத் தாங்கிக்கொள்ளும். ஒரே மாதிரி உட்காருவதைத்தான் தாங்காது. தூக்கமின்றிப் புரண்டுகொண்டே இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புரளல் உங்களுக்கு நல்லதுதான் செய்தது.

கழுத்துக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு இரவு விமானத்தில் நடு இருக்கையில் ஒரு பெரியவர். தலை மெதுவாக முன்னால் சரியும், மோவாய் நெஞ்சில் இடிக்கும், திடுக்கிட்டு நிமிர்வார், இரண்டு நிமிடத்தில் மறுபடி. கழுத்தில் குதிரைலாடம் மாதிரித் தலையணை வேறு. நான் குனிந்து அவர் தலைக்குப் பின்னால் இருந்த தலைச்சாய்வை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன், கரகரவென்று நாலு அங்குலம் ஏறியது. அப்புறம் அதன் இரு ஓரங்களையும் முன்னால் மடக்கினேன், காதுக்கு இரண்டு பக்கமும் சின்னச் சுவர் மாதிரி நின்றது. அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "பத்து வருஷமா இதுல போய்ட்டு வரேன்மா, இது மடங்கும்னு ஒருத்தரும் சொல்லலையே" என்றார். கழற்றிய தலையணையைத் திருப்பி, தடித்த பக்கம் மோவாய்க்குக் கீழே வரும்படி மாட்டிவிட்டேன். அந்தத் தலையணையில் எல்லாரும் செய்யும் தப்பு அதுதான்: தடித்த பக்கத்தைப் பின்னால் வைத்தால் அது தலையை முன்னால் தள்ளும். விழுகிற பக்கத்தில்தானே முட்டுக் கொடுக்க வேண்டும்? உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தால் கொண்டுபோங்கள். புதிதாக வாங்குவதற்கு முன் தலைச்சாய்வை மடக்கிப் பாருங்கள். நீண்ட தூர விமானங்களில் பெரும்பாலானவற்றில் மடங்கும்.

ஓர இருக்கைக்காரர்களுக்கு ஒரு ரகசியம். நடைபாதைப் பக்கத்துக் கைப்பிடி மேலே வராது என்று நினைத்திருப்பீர்கள். பல விமானங்களில் அதன் அடிப்பக்கத்தில், கீல் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விசை இருக்கும். விரலால் தடவினால் சிக்கும், அழுத்திக்கொண்டே தூக்கினால் கைப்பிடி எழும்பும். பறக்கும்போது கொஞ்சம் திரும்பி உட்கார வசதி. ஏறும்போதும் இறங்கும்போதும் இறக்கி வைத்திருக்க வேண்டும்.

இனி கால். பாதம் வீங்குவது ஏன்? காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது இதயம் மட்டும் அல்ல, கெண்டைக்கால் தசையும்தான். நடக்கும்போது அது சுருங்கி விரிந்து ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்பும். உட்கார்ந்தே இருந்தால் அந்தப் பம்பு நின்றுபோகிறது, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பாதத்தில் தேங்குகிறது. பெரும்பாலும் இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி ஓரிரு நாளில் வடிந்துவிடும். இது தொல்லை, ஆபத்து இல்லை. ஆபத்து, ஆழமான ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வறிக்கைப்படி நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் அந்த அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆனால் இரண்டு மடங்கானாலும் ஆரோக்கியமானவர்களில் 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுதான். பஸ், ரயில், கார் எதில் உட்கார்ந்தாலும் இதே கதைதான். எகானமி வகுப்பின் நோய் என்று பெயர் வைத்தது நியாயமில்லை. ஏற்கெனவே ரத்தம் உறைந்தவர்கள், சமீபத்தில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், உடல் எடை மிக அதிகமானவர்கள், இவர்களுக்கு அபாயம் கூடுதல். இதில் எதிலாவது நீங்கள் இருந்தால் என் பதிலை இத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

காலுறைக்குப் பணம் கொடுக்கலாம் என்றேன் அல்லவா, அதற்குக் காரணம் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழ் வரை வரும், கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும் அழுத்தக் காலுறை. விமானப் பயணிகளிடம் செய்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அறிகுறி தெரியாத ரத்த உறைவை இது நன்றாகக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்கிறது. வீக்கத்தையும் குறைக்கிறது என்கிறது, ஆனால் அதற்கான ஆதாரம் அவ்வளவு வலுவில்லை. உயிரைக் காப்பாற்றுகிறதா என்ற கேள்விக்கு அந்தச் சோதனைகளில் பதில் இல்லை, அந்த அளவுக்கு யாருக்கும் ஆபத்து வரவில்லை. பெட்டியில் அழுத்தத்தின் அளவு 15 முதல் 20 மி.மீ. பாதரசம் என்று போட்டிருப்பது சாதாரணப் பயணத்துக்குப் போதும். கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவை அளந்து வாங்குங்கள். காலையில் வீங்குவதற்கு முன்பே மாட்டிவிடுங்கள், மேல் விளிம்பு சுருண்டு கயிறு மாதிரி இறுக்க விடாதீர்கள். காலில் ரத்த ஓட்டக் குறைவோ, நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சிக் குறைவோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்களும் உண்டு; பயணத்துக்காக மட்டும் அதை எடுக்க வேண்டாம் என்பதே மருத்துவ வழிகாட்டுதல்.

காலுறை போட்டால் நடக்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. மணிக்கு ஒரு தடவை குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், அப்புறம் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள், இருபது முப்பது தடவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பின்பக்கத்துச் சமையலறை வரை போங்கள். அந்த இடத்தை நாங்கள் கேலி என்போம், கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், பெயரே அதுதான். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து முடித்து ஒரு மணி நேரம் ஆனபின் அங்கே அமைதியாக இருக்கும். ஓரமாக நின்று ஒரு கப் தண்ணீர் குடித்துவிட்டு, குதிகாலை உயர்த்தி இறக்கினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பெல்ட் விளக்கு எரிந்தால் மட்டும் உடனே திரும்பிவிடுங்கள். கழிப்பறைக்கு, சாப்பாட்டு ட்ராலி கிளம்புவதற்கு முன்பே போய் வாருங்கள். தட்டு எடுத்த அடுத்த நிமிடம் பாதி விமானம் வரிசையில் நிற்கும். வெறும் காலுறையோடு அங்கே போகாதீர்கள், தரையில் இருக்கும் ஈரம் தண்ணீர் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

தண்ணீர் பற்றி ஊதிப் பெரிதாக்கப்பட்ட கதைகள் நிறைய. காற்று வறண்டது உண்மை. ஆனால் அதனால் உடம்பிலிருந்து கூடுதலாக வெளியேறும் நீர் சொற்பம்தான். வறட்சி தெரிவது கண், மூக்கு, உதடு, தோல் இவற்றில். வயிறு முட்டக் குடித்தாலும் இவை நனையாது. தாகத்துக்குத் தாராளமாகக் குடியுங்கள். கூடவே உதட்டுக்குக் களிம்பு, கண்ணுக்குச் சொட்டு மருந்து, மூக்குக்கு உப்புநீர்த் தெளிப்பு வைத்துக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிக் கண்ணாடி போடுங்கள். தலைக்கு மேல் இருக்கும் காற்றுத் துளையை மூடிவிட வேண்டாம், முகத்தில் படாமல் திருப்பினால் போதும். உள்ளே சுற்றும் காற்றில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து வருவது, மீதியும் நுண்வடிகட்டி வழியாகத்தான் வருகிறது.

தூங்குவதற்காக மது கேட்பவர்களை நிறையப் பார்த்தேன். ஒரு மணி நேரம் அசந்து தூங்குவார்கள், பிறகு வாய் வறண்டு தலைவலியோடு எழுந்து தண்ணீர் கேட்பார்கள். ஜெர்மனியில் செய்து 2024-இல் வெளியான ஒரு ஆய்வில், விமானத்தில் இருப்பது போன்ற அழுத்தத்தில் மது குடித்துத் தூங்கிய இளம் ஆரோக்கியமானவர்களுக்கே ஆக்சிஜன் 85 சதவீதத்தை ஒட்டி இறங்கியது, இதயத் துடிப்பும் ஏறியது. இதய, நுரையீரல் தொல்லை இருப்பவர்கள் தொடவே வேண்டாம். தூக்க மாத்திரை பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு: இதுவரை சாப்பிடாத மாத்திரையை முதன்முதலில் விமானத்தில் சாப்பிடாதீர்கள். எழுந்து எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நடைபாதையில் தடுமாறியவர்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். மாத்திரையில் ஆழ்ந்து தூங்குகிறவர் காலை அசைக்கவும் மாட்டார், நாம் மேலே பேசிய சிக்கல் அங்கே வருகிறது. தூங்கும் நேரத்தை உடம்புக்கு உணர்த்தும் ஹார்மோனான மெலடோனின் வேறு வகை. ஐந்து நேர மண்டலங்களுக்கு மேல் தாண்டும்போது, போய்ச் சேரும் ஊரின் படுக்கும் நேரத்தில் எடுத்தால் ஜெட் லேக் என்னும் நேர மாற்றக் களைப்பு குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, கிழக்கு நோக்கிப் போகும்போது முக்கியமாக. தப்பான நேரத்தில் எடுத்தால் இன்னும் குழப்பும். ரத்தம் நீர்க்க மருந்து எடுப்பவர்களும் வலிப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது.

மருந்தில்லாமல் தூங்க என்ன செய்யலாம்? பட்டியலில் நீங்கள் எழுதாத ஒன்று, காதில் அடைக்கும் மெத்துப் பஞ்சு. அதை உருட்டி மெலிதாக்கி, காதின் மேற்பகுதியை இழுத்துக்கொண்டு உள்ளே விட்டு, விரிகிற வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதிப் பேர் வாசலிலேயே வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். இரைச்சலை நீக்கும் ஹெட்போன் இருந்தால் இன்னும் நல்லது, எஞ்சினின் அடிநாதத்தை அது நன்றாகவே குறைக்கும். கண்மூடி ஒன்று. அப்புறம் எங்கள் அனுபவத்திலிருந்து ஒரு யோசனை: போர்வையைப் போர்த்திக்கொண்டு பெல்ட்டைப் போர்வைக்கு மேலே கட்டுங்கள். ஆட்டம் வந்தால் ஒவ்வொருவர் பெல்ட்டையும் பார்க்க வேண்டியது எங்கள் வேலை. போர்வைக்குள் இருந்தால் எழுப்பித்தான் ஆக வேண்டும். எட்டு மணி நேரத் தூக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு தடவையாக இரண்டு, இரண்டரை மணி கிடைத்தால் அது நல்ல இரவு. அதற்காக முதல் சாப்பாடு முடிந்த கையோடு படுத்துவிடுங்கள், படம் பார்ப்பதை விடியற்பக்கம் வைத்துக்கொள்ளலாம். தனிவகைச் சாப்பாடு முன்பதிவு செய்தால் முதலில் வந்துவிடும், சீக்கிரம் சாப்பிட்டுத் தூங்கலாம் என்பார்கள். வருவது உண்மை, ஆனால் காலித் தட்டு எல்லாரோடும் சேர்த்துத்தான் போகும், அதுவரை அதை மடியில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

இருக்கையைச் சாய்ப்பது உங்கள் உரிமைதான், முதுகுக்கும் நல்லது. ஆனால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சாயுங்கள். திடீரென்று சாய்த்ததில் பின்னால் இருந்தவரின் சூடான காபி மடியில் கொட்டி, நான் பனிக்கட்டி எடுத்து ஓடியிருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் நிமிர்த்திவிடுங்கள்.

கடைசியாக இறங்கும் கட்டம். காது வலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம்; தூங்குகிறவர் விழுங்க மாட்டார், அதனால் கீழே இறங்க ஆரம்பித்ததும் விழித்துக்கொள்ளுங்கள். கொட்டாவி, மிட்டாய் சப்புவது, இல்லாவிட்டால் மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதுவது, இவை போதும். கடுமையான சளி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் சில வாரங்களுக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டையில் வலியும் சூடும் இருந்தாலோ, காரணமில்லாமல் மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள், விமானத்தில் வந்ததையும் சொல்லுங்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் பெரும்பாலும் படுத்துக் காலை உயர்த்தி வைத்தாலே போதும்.

உங்கள் ஷூ விஷயத்துக்கு வருகிறேன். நாடா போட்ட, அரை அளவு பெரிய ஷூவாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். ஏறியதும் நாடாவை நன்றாகத் தளர்த்துங்கள், கழற்றினாலும் சரி. ஆனால் தரை தட்டின பிறகு மாட்டப் போராட வேண்டாம். தரையிறங்க முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று அறிவிப்பு வந்ததும் கணுக்காலை இருபது தடவை சுழற்றிவிட்டு, ஷூவை மாட்டி, நாடாவைத் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். விமானம் நின்றதும் எல்லாரும் எழுந்து பெட்டிக்கூண்டுக்கு அடியில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்பார்கள். உங்கள் வரிசை நகரும் வரை உட்கார்ந்தே இருங்கள், இத்தனை மணி நேரம் காப்பாற்றிய கழுத்தை அங்கே பிடிக்க வைத்துக்கொள்ள வேண்டாம்.